பாதியில் ஓடுபவன்

என் தங்கையின் புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எனக்குக் கை வராது. கெட்டதாக என்றால் பேப்பர் போதாது. ஏசி மெக்கானிக் அவன். கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் 'பாதி'. மறைவில் சொல்லும் பெயர் இல்லை. "டேய் பாதி, அந்த ஸ்பேனரை எடு" என்று முகத்துக்கு நேரே கூப்பிடுவார்கள், அவனும் எடுத்துக் கொடுப்பான்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை தெரிந்தவன்தான். சோப்பு நுரையைக் குழாயில் தடவி, எந்த மூலையில் கேஸ் கசிகிறது என்று டக்கென்று கண்டுபிடித்துவிடுவான். ஆனால் யாராவது ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. ஒரு வீட்டில் ஏசியைப் பிரித்துப் போட்டிருக்கிறான். விசிறி கட்டில் மேல், திருகாணிகள் டீ கப்பில், ஃபில்டர் வலை பாத்ரூமில் ஊறுகிறது. அந்த வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "போன தடவை வந்தவர் இதைவிட சீக்கிரமா முடிச்சாரே" என்றாராம். துரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கையைத் துடைத்தான், செருப்பை மாட்டினான், போய்விட்டான். இன்னொருவர் போய் எல்லாவற்றையும் தேடிப் பொறுக்கி மாட்டிவிட்டு வந்தார். அன்றைக்கு வைத்த பெயர் அது.

சீட்டாட்டமா, கை சரியில்லை என்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவான். வீட்டில் சண்டையா, அதுவும் பாதிதான். சின்னவள், அதாவது என் தங்கை, "இருங்க, நான் இன்னும் சொல்லி முடிக்கல" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே படியில் செருப்புச் சத்தம் கேட்கும். இரண்டு நாள் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து, "டீ இருக்கா?" என்பான். நானாக இருந்திருந்தால் அந்த டீயை அவன் தலையில் ஊற்றியிருப்பேன். இவள் அடுப்பைப் பற்றவைப்பாள்.

எல்லாவற்றையும் பொறுத்தவள் ஒன்றை மட்டும் பொறுக்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் அவளுக்கு வயிற்றில் இருந்தது நிலைக்காமல் போய்விட்டது. வார்டு வாசலில் டாக்டர் அம்மா வந்து மெதுவாகச் சொன்னார். என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். பாதிப் பேச்சில் திரும்பினான், லிஃப்டில் ஏறினான், போயே விட்டான். ஆஸ்பத்திரிப் பேப்பரில் கையெழுத்துப் போட்டது நான். கண் விழித்தவள், "அவர் எங்கக்கா?" என்று கேட்டபோது பதில் சொல்ல வேண்டியிருந்ததும் நான். மூன்றாம் நாள் ஒரு பை ஆப்பிளோடு வந்து நின்றான். அந்த ஆப்பிளை நான் குப்பைத்தொட்டியில் போட்டேன், அவன் பார்க்கும்படியாகவே போட்டேன்.

சின்னவள் அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் கூப்பிட வரவில்லை. இவளும் போன் செய்யவில்லை. மருந்துக்கடை வேலைக்குப் போவாள், வருவாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

இந்த மாதிரி ஆம்பிளைகளை எனக்கு ஒருத்தனை மட்டும் தெரியும் என்று நினைக்க வேண்டாம். இன்டர்நெட் கம்பெனியில் புகார் கேட்பதுதான் என் உத்தியோகம். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பொழுதுக்கும் இவன்கள்தான். "உங்க நெட்டு போனதாலதான் நான் மேட்ச் தோத்தேன்" என்று கத்துவான். அவன் லைனில் கோளாறே இல்லை என்று என் திரையில் பச்சையாகத் தெரியும். தோற்கப் போகிறோம் என்றதும் தானே ஒயரைப் பிடுங்கியிருப்பான், பழி எங்கள் மேல். "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்பதற்குள் போனையும் வைத்திருப்பான். வாயில் நல்லா வரும். எல்லாவற்றையும் பதிவு செய்கிறார்களே என்று விழுங்கிக்கொள்வேன்.

அப்படி இருக்க, ஒரு நாள் சின்னவள் பழைய கேம் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து என் டிவியில் மாட்டினாள். கால்பந்து ஆட்டம். கல்யாணமான புதிதில் அவன்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தானாம், சோபாவில் பக்கத்தில் உட்காரவைத்து. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னடி இது கூத்து?"

"அவர்கூட ஆடப் போறேன்க்கா. நான்தான்னு அவருக்குத் தெரியாது."

ஆட்டத்தில் அவன் பெயர் 'சூறாவளி'யாம். வெட்கங்கெட்டவன். இவள் 'எறும்பு' என்று பெயர் வைத்துக்கொண்டு அவனுக்கு அழைப்பு அனுப்பினாள். முதல் ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்றாள். ஏனென்றால் தோற்கிறவர்களை மட்டும்தான் அவன் நண்பர் வரிசையில் சேர்த்துக்கொள்வான். அது பெண்டாட்டிக்குத் தெரியாதா? சேர்த்துக்கொண்டான். அடுத்த ஆட்டத்திலிருந்து இவள் நிஜமாக ஆடினாள். அவள் இரண்டாவது கோல் போட்டதும் திரையில் வந்தது: 'எதிராளி ஆட்டத்தை விட்டு வெளியேறினார்.' மறுநாள் ஒரு செய்தி: 'நேத்து நெட் போச்சு ப்ரோ.' அவன் இருக்கும் ஏரியா எங்கள் கம்பெனி லைன்தான். நெட் போகவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"எதுக்குடி இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டேன்.

அவள் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "ஒரே ஒரு ஆட்டம்க்கா. தோத்துட்டே இருந்தாலும் கடைசி வரைக்கும் அவர் இருக்கணும். இருந்துட்டார்னா நான் போன் பண்ணிப் பேசுவேன். இல்லன்னா இனிமே எனக்கும் அவருக்கும் ஒண்ணுமில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ ஒண்ணுமில்லன்னு இப்பவே எழுதிக் குடுத்துரு."

அதற்கு ஒரு கெடுவும் வந்து சேர்ந்தது. மருந்துக்கடை முதலாளி வேறு ஊரில் புதிதாக ஒரு கடை திறக்கிறார். அதைப் பார்த்துக்கொள்ள இவளைத்தான் கேட்டிருந்தார். தங்க இடமும் உண்டு. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். எனக்கு என்றால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. போகட்டும், கண்காணாத இடத்துக்குப் போய் நிம்மதியாக இருக்கட்டும். அந்த வாரம் முழுக்க அவள் விளையாடினாள், அவன் ஓடினான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அவனை ஓட ஓட விரட்டுவதைப் பார்க்க அவ்வளவு ஆசை எனக்கு. சீக்கிரமே அவளைவிட நன்றாக ஆட ஆரம்பித்துவிட்டேன். கோபம் இருந்தால் விரல் தானாக வேலை செய்கிறது.

ஞாயிறு மதியம். சனிக்கிழமை கடையில் உடைந்த பாட்டில் கிழித்து, சின்னவளின் கட்டை விரலில் பெரிய கட்டு. கன்ட்ரோலரைப் பிடிக்க முடியவில்லை. அவன் அழைப்பு திரையில் மினுக்கிக்கொண்டிருந்தது.

"நீ ஆடறியாக்கா?" என்றாள். கன்ட்ரோலரை என் பக்கம் தள்ளினாள்.

"குடு இங்க" என்று பிடுங்கிக்கொண்டேன். சீக்கிரமாக விரட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்பதுதான் என் கணக்கு.

தொடங்கியதுமே ஒரு கோல். அடுத்தது அவன் கோல்கீப்பரின் கால் நடுவில். பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவு கேவலமான கோல். சரி, இப்போது ஓடுவான் என்று கன்ட்ரோலரைக் கீழே வைக்கப் போனேன். ஓடவில்லை. பந்தை நடுவில் வைத்து மறுபடி ஆரம்பித்தான்.

"பாரேன், இன்னும் இருக்கார்" என்றாள் சின்னவள்.

"இரு, இப்ப பாரு."

மூன்றாவது கோல் போட்டேன். போட்டுவிட்டு என் ஆள் ஆடுகிற குத்தாட்டத்தை முழுசாக ஓடவிட்டேன். பிறகு அதே கோலை மெதுவாக, நாலா பக்கமிருந்தும் திரும்பக் காட்டினேன். அவன் பார்த்துத்தான் ஆக வேண்டும். நாலாவது கோல். அதற்கும் குத்தாட்டம். இடைவேளை வந்தது. இதில் நிச்சயம் போவான் என்று நினைத்தேன். காத்துக்கொண்டிருந்தான், கல்லுளிமங்கன்.

எனக்கு மண்டைக்கு ஏறியது. செய்தி எழுதும் கட்டத்தைத் திறந்து, 'தூங்கிட்டியா தம்பி?' என்று அனுப்பினேன். பதில் இல்லை. 'உனக்கு ஆட்டம் எதுக்கு, போய் மாவாட்டு' என்று அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. ஐந்தாவது கோல், ஆறாவது கோல். பந்தை என் ஆட்களுக்குள்ளேயே உருட்டி உருட்டி அவனை நாயாக அலையவிட்டேன். அலைந்தான். ஏழாவதும் போட்டேன். அவன் பந்தை எடுத்து நடுவில் வைத்தான்.

சின்னவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். கட்டுப் போட்ட விரலை வாய் மேல் வைத்திருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். நான் போட்ட கோல்களை அவள் பார்க்கவே இல்லை. மூலையில் ஓடிக்கொண்டிருந்த நிமிடங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மூஞ்சிக்காகவா? வார்டு வாசலில் இருந்து ஓடினவனுக்காகவா? ஒரு பொம்மை ஆட்டத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? கையெழுத்துப் போட்டது யார்? இத்தனை மாதம் இவள் அழுவதைக் கேட்டது யார்?

எண்பத்தெட்டாவது நிமிடம்.

நான் எழுந்தேன். சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். டிவியும் கேம் பெட்டியும் ஒன்றாக அணைந்தன.

"அக்கா! என்ன பண்ண?"

"கை பட்டுடுச்சு."

கையில் பிளக்கை வைத்துக்கொண்டு சொல்கிறேன், கை பட்டுவிட்டது என்று. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"இன்னும் நேரம் பாக்கி இருந்துச்சு" என்றேன். "அதுக்குள்ள ஓடியிருப்பான். எனக்குத் தெரியாதா அவனை?"

"அவர் இருந்தார்க்கா. நீதான் ஓடிட்ட."

அதற்குப் பிறகு அவள் என் பக்கம் திரும்பவில்லை. போனை எடுத்தாள். விரல் கட்டோடு தடுமாறி நம்பரை அழுத்தினாள், காதில் பிடிக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தாள். மணி அடித்ததும் எடுத்துவிட்டான். புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்குவதுதான் கேட்டது.

"நான்தான்" என்றாள். "ஏன், ஓடி வந்தீங்களா?"

"இல்ல... ஒண்ணுமில்ல. ஒரு பொறம்போக்கு. ஏழு கோல் போட்டான், வாய்க்கு வந்தபடி திட்டினான், கடைசி நேரத்துல ஓடிட்டான். நான் பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். தோக்கக்கூட விட மாட்டேங்கிறானுங்க..." சட்டென்று நிறுத்தினான். "நீ எப்படி இருக்க?"

"அது அவன் இல்ல, அவ. எங்க அக்கா. அந்த எறும்பு நான். இத்தனை நாளா உங்ககூட ஆடினது நான்தான்."

சத்தமே இல்லை. இதோ, இப்போது வைக்கப் போகிறான் என்று நான் நினைத்தேன். தினம் தினம் கேட்டுப் பழகிய காது இது, வைப்பதற்கு முன்னால் வரும் அமைதி எனக்குத் தெரியும். நின்ற இடத்திலேயே அந்த டொக்குக்காகக் காத்திருந்தேன்.

"இன்னைக்கு ஏன் ஓடல?" என்று கேட்டாள்.

"தெரியல. ஓடிப் போனா மட்டும் என்ன... அங்கயும் அதேதான இருக்கு."

"சரி. அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் கண் முழிச்சப்போ என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. சொல்றேன். நடுவுல பேசாதீங்க."

சொன்னாள். என்னிடம்கூட அவள் சொல்லாததையெல்லாம் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை அழுதது, பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலித்தது, தன்னுடையதை ஒரு துணியில் சுற்றி எடுத்துப் போனது, அதைப் பார்க்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டது, தனியாகப் பார்க்கப் பயந்து வேண்டாம் என்றது. சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்தது. அவன் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். சொல்லு."

அவள் மேலே சொன்னாள். நான் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இப்போது வைப்பான், இதோ வைத்துவிடுவான் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிர்பார்த்தேன். வைத்துத் தொலையேன்டா என்று மனதுக்குள் கெஞ்சக்கூடச் செய்தேன்.

பாவிப் பயல், கட் பண்ணவே இல்லை.