மௌனச் சாமியின் பெண்டாட்டி

சொக்கம்மாளின் புருஷன் சடையப்பனைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இருக்க முடியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். பஸ் ஏரிக்கரையில் திரும்பும்போதே அவர் குரல் பஜாரில் கேட்கும். டிக்கெட் எடுக்காதவனை, கூடையை வழியில் வைத்தவளை, குறுக்கே வந்த மாட்டை, எல்லோரையும் ஒரே மூச்சில் திட்டுவார். வீட்டுக்கு வந்தால் சொக்கம்மாளைத் திட்டுவார். அவளும் வாயை மூடிக்கொண்டிருப்பவள் இல்லை. அந்த மனிதரைத்தான், செத்துப் பல வருஷம் கழித்து, மௌனச் சாமி ஆக்கினார்கள்.

கோபப்படாமல் இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சடையப்பன் லிங்கம் கட்டின வீரசைவக் குடும்பம். அவர்கள் வழக்கத்தில் செத்தவரை எரிப்பதில்லை, படுக்க வைப்பதும் இல்லை. ஆழமாகக் குழி வெட்டி, கழுத்தில் கட்டிய லிங்கத்தோடு, சம்மணம் போட்டு உட்கார வைத்து மூடுவார்கள். எங்கள் ஊரில் அந்த வழக்கம் அவர்கள் ஒரு வீட்டுக்குத்தான். அறுபத்தொன்பதாம் வருஷம் மஞ்சள் காமாலையில் அவர் போனபோது சொக்கம்மாள் அந்த இடத்தில் சின்னதாக ஒரு செங்கல் மேடை கட்டி, மேலே ஓர் உருண்டைக் கல்லை வைத்தாள். பெயர் எழுதவில்லை. இங்கே யார் எழுதுகிறார்கள்? பக்கத்தில் உத்திரமேரூர்க் கோயில் சுவரில், கணக்குக் காட்டாதவன் வாரியத்தில் உட்காரக் கூடாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் சொந்தத் தகப்பனைப் புதைத்த இடத்தில் ஓர் எழுத்து எழுத இந்த ஊர்க்காரர்களுக்குக் கை வராது.

அதற்கப்புறம் சொக்கம்மாள் ஓட்டலில் மாவாட்டினாள், கல்யாண வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள், இரண்டு பெண்களையும் கூரத்திலும் ஓரிக்கையிலும் கட்டிக்கொடுத்தாள். சத்துணவு வந்த வருஷம் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குச் சமையலுக்கு வந்து சேர்ந்தாள். திங்கட்கிழமை சாயங்காலமானால் மயானத்துக்குக் கிளம்பிவிடுவாள். பொம்பளை சுடுகாட்டுக்குப் போவதா என்று ஊர் வாயில் போட்டு மென்றது. அவள் சட்டை செய்யவில்லை. மேடையைப் பெருக்கி, விளக்கேற்றி, அந்த வாரத்துச் செய்திகளை எல்லாம் சொல்லி, பழைய சண்டை ஒன்றை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துவிட்டு வருவாள். மேடையை ஒட்டிக் காலியாகக் கிடந்த இடத்தைத் தனக்கென்று சொல்லி வைத்திருந்தாள். குழி வெட்டும் சின்னப்பையன் என்கிற ஆளும் வேறு யாருக்கும் அதில் மண்வெட்டி போடவில்லை. அந்த இடம் தனக்கு வேண்டும் என்பதைத் தவிர அவள் யாரிடமும் எதையும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இதில் வந்து நுழைந்தார் அரிசி மில் ஏகாம்பரம். அவருக்கு ஒரே பெண். ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. பார்க்காத டாக்டர் இல்லை, போகாத கோயில் இல்லை. ஒரு நாள் குழந்தையோடு வயலிலிருந்து வரும்போது நல்ல மழை பிடித்துக்கொண்டது. மயானத்துப் புளியமரத்தடியில் ஒதுங்கினார். குழந்தை அந்த மேடைமேல் கையை ஊன்றிக்கொண்டு மழையைக் காட்டி, "மயே" என்றது. அதுதான் அது பேசிய முதல் வார்த்தை.

அங்கே நின்ற சின்னப்பையனிடம், உள்ளே இருப்பது யார் என்று கேட்டார். உட்கார வைத்துப் புதைத்த ஆள் என்று அவன் ஆரம்பித்தான். பேரைச் சொல்வதற்குள் ஏகாம்பரம் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். உட்கார வைத்துப் புதைப்பது என்றால் சாமியார்களைத்தான் என்பது அவர் நினைப்பு. குழந்தையின் ஊமைத்தனத்தைத் தான் வாங்கிக்கொண்ட சாமி, ஆகவே மௌனச் சாமி. எண்பத்து மூன்றில் மேடையை நெருக்கிச் சுற்றுச்சுவர் எழுந்தது, இரும்புக் கேட் வந்தது, அவர் தலைமையில் ஒரு சபையும் வந்தது. கேட்டில் ஒரு போர்டு. சாமி பிறவிப் பிரம்மச்சாரி என்பதால் பெண்கள் உள்ளே வரக்கூடாது, சமாதியைச் சுற்றி வேறு யாரையும் அடக்கம் செய்யவும் கூடாது.

போர்டை நான்தான் சொக்கம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். முதலில் சிரித்தாள். பிரம்மச்சாரிக்கு ரெண்டு பொண்ணு எப்படி வந்துச்சாம் என்று கேட்டாள். கேட்டைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தபிறகுதான் அவள் முகம் மாறியது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் உலையில் அரிசி போட மறந்துவிட்டாள். பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

நான் அவளை ஏகாம்பரத்திடம் அழைத்துப் போனேன். அவர் மரியாதையாக மோர் கொடுத்தார். சடையப்பன் அதே மயானத்தில்தான் இருப்பார், இல்லையென்று தான் சொல்லவில்லை என்றார். தெற்குப் பக்கம் கேட்பாரில்லாத மேடு ஒன்று இருக்கிறது, அதை அவள் புருஷனாக வைத்துக்கொள்ளட்டும், சபை செலவில் வெள்ளையடித்துத் தருவதாகவும் சொன்னார். அடுப்பங்கரையில் சொம்பு மாறிப்போனால் வேறு சொம்பு எடுத்துக்கொள் என்பது மாதிரி சொன்னார்.

தாலுகா ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா வீரராகவன் நல்ல மனிதர்தான், பழைய இறப்புப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தார். சடையப்பன் இருந்தார். பெயர், வயது, காமாலை எல்லாம் சரியாக இருந்தன. எங்கே புதைத்தது என்பதற்கு எதுவும் இல்லை. அதற்குக் கட்டமே இல்லை என்றார். நில ரெக்கார்டில் 'மயானப் புறம்போக்கு' என்று எழுதி, பரப்பளவைப் போட்டு முடித்திருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அந்த மண்ணில் ஊரே போய்ப் படுத்திருக்கிறது, யார் எங்கே என்று ஒரு துண்டு சாட்சி கிடையாது. சின்னப்பையன் வந்து உண்மையைச் சொன்னான். குடிகாரன் பேச்சு என்று சபை தள்ளிவிட்டது. ஊரில் கேட்டால், அந்தப் பஸ்ஸில் போன அத்தனை பேரும், அவரிடம் திட்டு வாங்கின அத்தனை பேரும், சாமி விஷயம், நமக்கு எதற்கு வம்பு என்று நழுவினார்கள்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. சடையப்பனின் கழுத்தில் லிங்கத்தோடு அவருடைய கண்டக்டர் விசிலையும் கட்டிப் புதைத்ததாகச் சொக்கம்மாள் ஒரு தடவை சொல்லியிருந்தாள். தாசில்தாருக்கு மனுப் போட்டுத் தோண்டிப் பார்த்தால் போயிற்று. எந்தச் சாமியார் விசில் ஊதினார்? நானே மனு எழுதிக்கொண்டு போய் அவள் முன்னால் நீட்டினேன். கைநாட்டு வைத்தால் போதும்.

சொக்கம்மாள் சாம்பார்க் கரண்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"வேணாம் டீச்சர். காலம்பூரா பஸ்ஸுல நின்னுக்கினே இருந்த மனுசன். கால் வீங்கிக்கினு வருவாரு, நான்தான் எண்ண தேச்சி வுடுவேன். இப்பதான் ஒக்காந்துகினு கீறாரு. எயுப்பாதீங்க."

எனக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது. அப்படியானால் உன் இடம் போகட்டும் என்கிறாயா என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறமும் திங்கட்கிழமை தவறாமல் போய்க் கேட்டுக்கு வெளியே நின்று சடையப்பனோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள். மௌனச் சாமியை ஏசுகிற பைத்தியம் என்று வெளியூர் பக்தர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

எண்பத்தேழு மாசியில் சொக்கம்மாள் இறந்துபோனாள். பெண்கள் இருவரும் வந்துவிட்டார்கள், எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் சின்னப்பையனைக் கூட்டிக்கொண்டு நேரே மயானத்துக்குப் போனேன். அவள் சொல்லி வைத்த இடம் சுவரை ஒட்டி வெளிப்புறம் அப்படியே கிடந்தது. வெட்டு என்றேன். சபை வந்து கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். கேட்க வந்தவர் ஏகாம்பரமேதான், கையில் ஒரு மாலையோடு.

எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அவர் முகத்தில் கொட்டினேன். உள்ளே இருப்பவர் சடையப்பன், இவள் அவர் பெண்டாட்டி, இவளைச் சாகும்வரை தெருவில் நிற்க வைத்தது நீங்கள் என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும் டீச்சர். அந்த பஸ்ஸுல நானுந்தான் போயிருக்கேன். அந்தம்மா வந்து சொன்ன அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. ஆனா அது சடையப்பன்னு ஒத்துக்கினா, எம் பொண்ணுக்குப் பேச்சு திரும்ப நின்னுடுமோன்னு பயம்."

என்ன சொல்வது இந்த ஆளை? ஏகாம்பரம் வெட்டுகிற இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு சின்னப்பையனிடம், இன்னும் சுவரோரமாகத் தள்ளி வெட்டச் சொன்னார்.

"ஒட்டியே போ. நான் கட்டன சுவருதான், அஸ்திவாரம் ரெண்டடிக்கு மேல போவல. அவங்க ரெண்டு பேரும் ஒக்கார்ற ஆழத்துல சுவரு கெடையாது."

சின்னப்பையன் தள்ளி வெட்டினான். சொக்கம்மாளைச் சுவர்ப் பக்கம் முகம் பார்க்க உட்கார வைத்தோம். முதல் பிடி மண்ணை ஏகாம்பரம் போட்டார், அந்த ஆளிடம் அதற்குமேல் எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.