சித்தி தன் சாவுக்கு ஒத்திகை பார்த்த மத்தியானம்

அந்த ஸ்டேஷனில் மத்தியான வண்டி போன பிறகு, அடுத்த வண்டி வரும்வரை நேரம் என்ற ஒன்று இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வாழைத் தோட்டம், அதைத் தாண்டினால் ஆறு. இந்தப் பக்கம் ஓடு வேய்ந்த ரயில்வே குவாட்டர்ஸ். மேற்கேயிருந்து வரும் காற்று வாழை இலைகளைக் கிழித்துவிட்டு, தந்திக் கம்பிகளில் ஏறி முனகும். அதைக் கேட்டபடியே கண் சொருகும். தூங்கினேனா, விழித்திருந்தேனா என்று இன்றும் சொல்லத் தெரியாத பல மத்தியானங்களை அங்கே கழித்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் பாளையங்கோட்டையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமையானால் பாசஞ்சரில் ஏறி, சேரன்மகாதேவி தாண்டி அந்தச் சின்ன ஸ்டேஷனில் இறங்கிவிடுவேன். சித்தப்பா அங்கே ஸ்டேஷன் மாஸ்டர். சித்தி என் அம்மாவின் தங்கை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சித்தப்பா அதிகம் பேச மாட்டார். அந்த வீட்டில் இருவருக்குமான பேச்சையும் சித்திதான் பேசினாள்.

சித்திக்கு மார்பில் கட்டி வந்தது. திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போய் ஆபரேஷன் செய்து, மருந்து ஏற்றி, கூட்டிவந்தார்கள். அடுத்த ஆடிச் சாரலைப் பார்த்தால் பெரிது என்று டாக்டர் சித்தப்பாவிடம் தனியாகச் சொன்னாராம். சித்தப்பா அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை; சித்தி கேட்டுவிட்டாள்.

ஊருக்கு வந்த அன்று அம்மாவும் நானும் ஸ்டேஷனிலேயே காத்திருந்தோம். சித்தி வண்டியை விட்டு இறங்கி, தலையில் போட்டிருந்த முந்தானையை விலக்கிக் காட்டினாள். ஒரு முடி இல்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழாதக்கா. நாப்பது வருசமா ஓசியில குடியிருந்த பேனெல்லாம் வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டு. அதுகள நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு."

அம்மாவுக்குச் சிரிப்பதா, அடிப்பதா என்று தெரியவில்லை. "வாயக் கழுவுட்டி" என்றாள். ஆனால் நான் சிரித்துவிட்டேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ ஒருத்தி போதும் எனக்கு" என்று சொல்லி நடந்தாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் சாவு ஒரு விருந்தாளி மாதிரி இருக்க ஆரம்பித்தது. பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடிப் பையோடும், அதைவிடக் கனமான முகத்தோடும் வருவார்கள். சித்திதான் அவர்களைத் தேற்றி அனுப்ப வேண்டியிருந்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர், திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்த தூரத்துச் சொந்தக்காரர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. என்ன பேசுவது என்று தெரியாமல் அவர் முதல்நாள் இப்படி ஆரம்பித்தார்.

"எங்க பெரியம்மைக்கும் இதே சீக்குத்தான் வந்துது."

"இப்ப எப்படி இருக்காவ?"

அவர் விழித்தார். "அவுக... போயிட்டாவம்மா."

"நல்லதாப் போச்சு. அங்கன போனா யாரையும் தெரியாதேன்னு கவலப்பட்டுக்கிட்டு இருந்தேன். தெரிஞ்ச முகம் ஒண்ணு இருக்குல்லா."

அண்ணாச்சி ஒரு நிமிடம் திகைத்து, பிறகு வேட்டி அவிழச் சிரித்தார். அன்றிலிருந்து அவர் சித்தியின் கூட்டாளி. வரும்போதே, "என்னம்மா, இன்னும் கெளம்பலியா?" என்பார். "நீங்க மூத்தவுக, முன்னால போயி சன்னலோரமா எனக்கு ஒரு துண்டு போட்டு வையுங்க அண்ணாச்சி" என்பாள் சித்தி. அவர் போன பிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் வீட்டில் இருக்கும். பிறகு காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும்.

அம்மாவும் என்னோடு வந்திருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் சித்தி திடீரென்று சொன்னாள்: "நேத்து மேலத்தெருவுல ஒரு சாவு. பாயிண்ட்ஸ்மேன் வீட்டுக்காரி போயிட்டு வந்து சொல்லுதா. ஒருத்திக்கும் ஒப்பாரி தெரியலையாம். எனக்கும் இப்படித்தான் ஆகப்போவுது. வாங்க, இப்பமே ஒத்திகை பாத்திருவோம்."

பாயிண்ட்ஸ்மேன் வீட்டுக்காரி பக்கத்து வீடு. வண்டித்தடம் மாற்றிவிடும் வேலை பார்க்கிறவரின் மனைவி. நல்ல குரல். அம்மா மாட்டவே மாட்டேன் என்றாள். சித்தி அதற்குள் நார்க்கட்டிலைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டு, தெற்கே தலைவைத்துப் படுத்து, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துவைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். சன்னல் வழியே வாழை இலையின் பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் அசைந்தது. மூச்சு விடுகிறாளா என்று நான் குனிந்து பார்த்தேன். அப்போது அவள் ஒரு கண்ணைத் திறந்து, "என்னட்டி பாத்துக்கிட்டு நிக்க, ஆரம்பிங்க" என்றாள்.

பாயிண்ட்ஸ்மேன் வீட்டுக்காரி தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்து ராகம் எடுத்தாள்.

"தங்கக் கிண்ணியில பால்சோறு உண்டவளே..."

"நிறுத்து, நிறுத்து. நான் எப்பம் தங்கக் கிண்ணியில தின்னேன்? எவர்சில்வர்னு பாடு. நாளைக்குப் பொய்யின்னு எவளாவது எழும்பிச் சொல்லிரப் போறா."

"எவர்சில்வர்க் கிண்ணியில எலுமிச்சைச் சோறு உண்டவளே..."

"இது சரி."

அம்மா முதலில் முந்தானைக்குள் சிரித்தாள். பிறகு அவளும் உட்கார்ந்து, தனக்கு வைத்திருந்த முறுக்கைச் சித்தி சின்ன வயதில் திருடித் தின்றதையெல்லாம் ராகம் போட்டுப் பாடினாள். பிணம் எழுந்து உட்கார்ந்து மறுப்புச் சொன்னது. நாங்கள் நால்வரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, மூச்சு வாங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தோம். அது எந்த நீர் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சித்தப்பா வாசலில் நிற்பதை நான்தான் முதலில் பார்த்தேன். காப்பி குடிக்க வந்திருந்தார். கக்கத்தில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் சுருட்டியபடி இருந்தன. சித்திக்குக் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்:

"வந்துட்டியளா? சரியான நேரம். இங்கன வந்து நீங்களும் ரெண்டு சொட்டு விட்டுட்டுப் போங்க."

அவர் கட்டிலைப் பார்த்தார். சேர்த்துவைத்த கால் விரல்களைப் பார்த்தார். அடுக்களைக்குள் போனார். பாத்திரம் வைக்கும் சத்தமும், ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கும் சத்தமும் கேட்டன. தானே காப்பி போட்டுக் கொண்டுவந்து, சித்தியின் தலைமாட்டில் வைத்தார்.

"ஆறதுக்குள்ள குடி" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினார். அவர் குடிக்கவில்லை.

பாயிண்ட்ஸ்மேன் வீட்டுக்காரி முடியை அள்ளிக் கட்டிக்கொண்டு, சோலி கிடக்கிறது என்று எழுந்து போனாள். சித்தி உட்கார்ந்து காப்பியைக் குடித்தாள். "சீனி போட மறந்துட்டாவ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "அவுக முன்னால இனி வேண்டாம்" என்றாள்.

அதன் பிறகு சித்தப்பா இருக்கும்போது அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் வெளியே போனதும் தொடங்குவாள். செருப்புச் சத்தம் கேட்டால் வாழைப்பூ விலைக்கு மாறிவிடுவாள். இது எத்தனை நாள் நடந்தது என்று தெரியாது. ஒரு சாயங்காலம் சித்தி, சித்தப்பா, நான் மூவருமாக ஆற்றுக்குப் போனோம். சித்தி நடக்கும் அளவுக்குத் தேறியிருந்தாள். படித்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டாள். மருத மரத்தின் நிழல் நீரில் நீண்டு, அக்கரை வயல்வரை போய்க் கிடந்தது. வெளிச்சம் போகவும் இல்லை, நிற்கவும் இல்லை.

சித்தி விளையாட்டில்லாத குரலில் சொன்னாள்: "ராமேஸ்வரம் காசின்னு எங்கயும் அலைய வேண்டாம், கேட்டியளா. என்னைய இங்கனயே கரைச்சிருங்க."

சித்தப்பா நெடுநேரம் ஆற்றைப் பார்த்தார். அவர் எழுந்து போய்விடுவார் என்று நான் பயந்தேன்.

"வேண்டாம்" என்றார். "உன்னையக் கரைச்சா ஆறு வாயடிக்க ஆரம்பிச்சிரும். அப்புறம் ஆழ்வார்திருநகரி வரைக்கும் ஒருத்தனும் தூங்க முடியாது. எல்லாவனும் வண்டியேறி வந்து எங்கிட்டதான் சண்ட புடிப்பான்."

சித்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு அவள் சிரித்தாள், பாருங்கள். தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, படியில் தலையைச் சாய்த்து, தண்ணீரை எத்தி எத்திச் சிரித்தாள். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சித்தப்பா துண்டை எடுத்து அவள் காலைத் துடைத்துவிட்டார். அவர்கள் கல்யாணத்தை நான் பார்த்ததில்லை. அன்று பார்த்ததுபோல் இருந்தது.

சாரல் வந்தது. சித்தி இருந்தாள். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம் என்று வண்டி வண்டியாக ஆட்கள் போனார்கள். திரும்பி வரும் வண்டிகளின் சன்னல்களில் ஈரத்துண்டு ஆடுவதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். சாரல் போனது. திருவனந்தபுரத்தில் டாக்டர் எக்ஸ்ரேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கட்டி மீண்டும் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார். முடி சுருள் சுருளாக முளைத்தது. "வேற யாருக்கோ வந்த முடி" என்றாள் சித்தி.

ஐப்பசி மழையில், மத்தியான வண்டியை அனுப்பிவிட்டு, சித்தப்பா பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார். பாயிண்ட்ஸ்மேன் எதையோ கேட்க வந்தபோது அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான், அவர் பார்க்கவில்லை என்று தெரிந்திருக்கிறது. நெஞ்சு நின்றுவிட்டது. ஒரு நாளும் தலைவலி என்று படுத்தவர் இல்லை.

அம்மாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது, அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சித்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். ஆனால் யாரும் வாய்விட்டு அழவில்லை. பாயிண்ட்ஸ்மேன் வீட்டுக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளால் ஏன் ராகம் எடுக்க முடியவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கும் அம்மாவுக்கும் அதேதான். எங்களுக்குத் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் அந்தக் கூடத்திலேயே சிரித்துத் தீர்த்திருந்தோம்.

திசையன்விளையிலிருந்து சித்தப்பாவின் அக்கா வந்தார். எங்கள் ஒத்திகையைப் பற்றி எதுவும் அவருக்குத் தெரியாது. வாசலிலேயே மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"தங்கக் கிண்ணியில பால்சோறு உண்டவனே, எங்கூடப் பொறந்தவனே..."

அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்தேன். சித்தி நிமிர்ந்தாள். திருத்தவில்லை. மதினியின் தலையைத் தன் தோளில் இழுத்துவைத்துக்கொண்டாள். அவர் பாடி முடிக்கும்வரை, ஒவ்வொரு வரிக்கும் ஆமாம் என்பதுபோல் தலையசைத்தாள். அப்போதுதான் எங்களுக்கும் அழுகை வந்தது.

அண்ணாச்சி மழையில் நனைந்தபடி வந்தார். சித்தியின் எதிரே போய் நின்றார். அவருக்குச் சித்தியிடம் பேசத் தெரிந்தது ஒரே பாஷைதான். அந்தப் பழைய தொனியிலேயே சொன்னார்:

"எமன் ஆளு மாத்தித் தூக்கிட்டுப் போயிட்டாம் போலுக்கேம்மா."

திசையன்விளை அத்தை தலையைத் தூக்கிப் பார்த்தார். யாரோ ஒருவர், "என்ன வே பேசுதீரு" என்று எழுந்தார். சித்தி கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"அண்ணாச்சி, அது என் சாவு. அதப்பத்தி நீங்க என்ன வேணும்னாலும் சொல்லலாம். இது அவுக சாவு."

அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். கொஞ்சம் பொறுத்து சித்தி என்னிடம், "நனைஞ்சிருக்காவ, காப்பி குடு" என்றாள்.

குவாட்டர்ஸைக் காலி செய்து, சித்தி பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்தாள். நடந்தாள், சமைத்தாள், கோயிலுக்குப் போனாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அண்ணாச்சி வருவார், வெயிலைப் பற்றியும் பித்தளையைப் பற்றியும் பேசிவிட்டுப் போவார். அந்த மாதங்கள் எனக்கு ஒரே நீண்ட மத்தியானமாகத்தான் நினைவில் இருக்கின்றன. மாடியில் அவள் நடக்கும் சத்தம் கேட்கும். அது நின்றால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மேலே பார்ப்பாள். சித்தப்பாவை எடுத்த அன்று அவளுடைய சிரிப்பையும் சேர்த்தே எடுத்துப் போய்விட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

வருஷ திதிக்கு முன்னால், சித்தப்பாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்திருந்தோம். இருந்தது ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படம்தான். ஸ்டூடியோக்காரர் தன் கைவண்ணத்தைக் காட்டியிருந்தார். கன்னத்தில் ரோஸ். உதட்டில் நல்ல சிவப்பு. போட்டே அறியாத ஒரு நீலக் கோட்டு. பிரித்துப் பார்த்ததும் அம்மா, "ஐயையோ, திருப்பிக் குடுத்திருவோம்" என்றாள். ஆனால் சித்தி அதற்குள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யாருட்டி இது?"

"சித்தப்பா" என்றேன், பயந்தபடி.

"இருந்தா இருக்கட்டும். ஆளு நல்லாத்தான் இருக்காவ. மாட்டு."

நான் ஸ்டூலில் ஏறி, ஆணியைச் சுவரில் வைத்து, சுத்தியலை ஓங்கி அடித்தேன். காரை உதிர்ந்தது. சித்தி கீழேயிருந்து சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"பைய அடிட்டி. முழிச்சிரப் போறாவ."

அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிக்கலாமா என்று தெரியவில்லை. சித்தியின் தோள் குலுங்க ஆரம்பித்ததைப் பார்த்த பிறகுதான் நாங்கள் சிரித்தோம்.