ஊசி நோட்டு

எங்கள் பனியன் கம்பெனியில் ஊசி உடைந்தால் ஒரு வழக்கம் உண்டு. உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடியெடுத்து, முழு ஊசியாகப் பொருத்தி, நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். அப்போதுதான் புது ஊசி கிடைக்கும். துணியில் ஒரு துணுக்கு தங்கிவிட்டால், எங்கோ ஒரு குழந்தையின் உடம்பில் குத்திவிடும் அல்லவா? லைன் சூப்பர்வைசரான நான்தான் அந்த நோட்டை எழுதுகிறேன். அதில் ஒரு பக்கத்தை மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை.

அந்தப் பக்கத்து ஊசி, ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைத்த அக்காவுடையது. திருநெல்வேலிப் பக்கமிருந்து திருப்பூர் நெருப்பெரிச்சலுக்குப் பிழைக்க வந்தவர். நான் சொல்லுக்குச் சொல் 'ங்க' போடுவதைக் கேலி செய்யாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. ஒரு நாள் ஊசி அவர் ஆள்காட்டி விரலில் இறங்கி உடைந்தது. பிளையரால் இழுத்தெடுத்தோம். மூன்று துண்டுகள். நோட்டில் வைத்துப் பார்த்தேன், முழுசாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. விரலில் மெஷின் ஆயிலைத் தடவி, வேஸ்ட் துணியைச் சுற்றிவிட்டேன். இங்கே எல்லோரும் செய்வதுதான்.

மறுநாள் விரல் வீங்கி, உடம்பு கொதித்தது. "ஆஸ்பத்திரிக்குப் போலாங்களாக்கா?" என்றேன். "போ தங்கச்சி, ஊசி குத்துனதுக்கெல்லாமா லீவு போடுவாவ?" என்று சிரித்தார். ஷிப்மென்ட் நெருங்கியிருந்ததால் நானும் வற்புறுத்தவில்லை. காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன். சூடு தணிந்தது, சரியாகிவிட்டது என்று நம்பினேன். மூன்றாம் நாள் காலையில் நடுங்கிக்கொண்டே, என்னை யாரென்று தெரியாமல் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "கிருமி விஷத்தக் கக்குமுங்க. ஒடம்புல இருக்கற காவல் அணுக்கள் அதைக் கண்டதும் மத்த அணுக்களுக்குத் தகவல் அனுப்பும். அதுலதானுங்க வீக்கமும் காய்ச்சலும் வருது. விரலோட நின்னிருந்தா நல்லதுங்க. இப்ப ஒடம்பு முழுக்கத் தகவல் போயிருச்சு. கிருமிக்கு மருந்து குடுத்துட்டோம். ஆனா அவங்க ஒடம்பே மூட்டுன தீ அணைய மாட்டேங்குதுங்க."

அந்தக் காய்ச்சல் அக்காவின் உடம்பு போட்ட கூச்சல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன் வாயைத்தான் நான் மாத்திரை கொடுத்து அடைத்திருந்தேன். அக்கா பிழைக்கவில்லை.

இப்போதெல்லாம் ஊசி உடைந்தால் விரலைப் பார்த்த பிறகுதான் நோட்டைத் தொடுகிறேன். நேற்று ஒரு பெண்ணை, "வேண்டாங்க, வேலை கெட்டுப்போயிருமுங்க" என்று அழ அழ ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நோட்டைப் பிரித்தேன். அந்தப் பக்கம்தான் வந்து நின்றது. மூன்று துண்டுகளும் டேப்புக்கு அடியில் அப்படியே இருக்கின்றன. பக்கத்தில், சேதம் என்ற கட்டத்தில், நான் எழுதியிருக்கிறேன்: "பனியனுக்கு ஒன்றுமில்லை."