ஓடுபாதைக்கு மேலே கேட்ட இரண்டு சொல்

பிள்ளைகள், நான் கார் ஓடும்போது நீங்கள் பின்னால் இருந்து "அப்பா, நில்லுங்கோ!" என்று கத்தினால் உடனே பிரேக்கை அழுத்திவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஏன், எதற்கு என்று நின்ற பிறகுதான் கேட்பேன். லண்டனில் நாங்கள் போகிற மிச்சம் என்ற இடத்துக் கடைத்தெருவில் ஒருமுறை சின்னவன் ஐஸ்கிரீம் வண்டியைக் கண்டு கத்த, நான் நடு ரோட்டில் நிறுத்திவிட்டேன். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

"சின்னப்பிள்ளை சொன்னா உடனை நிப்பாட்டுறதோ? உங்களுக்கென்ன விசரோ?" என்று அம்மா ஏசினா. நான் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அம்மாவுக்கும் முழுதாகச் சொன்னதில்லை. பயந்துவிடுவா.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஹீத்ரோவில் விமானங்களுக்குப் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தேன். மூத்தவள் நேர்சரிக்குப் போகத் தொடங்கியிருந்தாள், சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான். அம்மா லண்டனுக்கு வந்து அதிக காலமில்லை. டாக்டரிடம் போவதென்றாலும் நான் கூடப் போகவேண்டும். சூரிச்சில் உங்கள் பெரியப்பாவின் மகளுக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு. வேலை ஆட்களுக்குக் கொடுக்கும் மலிவு டிக்கெட்டில் நான் மட்டும் போனேன். அதில் ஒரு சிக்கல், சீட் காலியாக இருந்தால்தான் ஏற்றுவார்கள். திரும்பும் நாளன்று ஒன்றும் காலியில்லை. எனக்கோ அடுத்த நாள் காலை ஷிப்ட். கவுண்டரில் நின்ற பெண் யாருடனோ போனில் பேசிவிட்டு, விமானிகளின் அறையில் ஒரு மடக்குச் சீட் இருக்கிறது, கேப்டன் சம்மதித்துவிட்டார் என்றாள். அந்த நாட்களில் கம்பெனி ஆட்களுக்கு அப்படி இடம் கொடுக்கிற வழக்கம் இருந்தது.

வழியனுப்ப வந்த பெரியப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "டேய், பிளேனை நீயோ ஓடப்போறாய்? அங்கை ஒண்டிலையும் கை வைச்சுப்போடாதை."

"சும்மா இருங்கோ அண்ணை. எனக்கு வயித்தைக் கலக்குது."

"கலக்கினா அவங்கட பக்கம் திரும்பாதை. கதவுப் பக்கம் திரும்பு."

உள்ளே இடம் எங்கள் குசினி அலுமாரி அளவுதான். இடப்பக்கம் கேப்டன், நரைத்த தலை, பெரிய உடம்பு, ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். வலப்பக்கம் துணை விமானி, முகப்பரு இன்னும் போகாத பெடியன். பெரியம்மா தந்துவிட்ட பயத்தம் பணியார டின்னை நான் மடியில் வைத்திருந்தேன். இங்கே ஒன்றும் உருளக்கூடாது என்று அந்தப் பெடியன் அதை வாங்கி, பின்னால் வைத்து வாரால் இறுக்கிக் கட்டினான். கேப்டன் எனக்கு ஒன்று சொன்னார்: கீழே இறங்கத் தொடங்கினால் வீண் கதை பேசக்கூடாது, ஆனால் ஆபத்தாக எதையாவது கண்டால் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அங்கே ஒன்று பிடிக்கவில்லை. தகப்பன் வயதுள்ள மனிசனை அந்தப் பெடியன் பேர் சொல்லிக் கூப்பிட்டான். நாங்கள் வேலையில் சூப்பர்வைசர் பிழையாகச் சொன்னாலும் "ஓகே சேர்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டோம். இவனோ அவர் கருவியில் ஒரு இலக்கத்தைத் திருப்பினால் எட்டிப் பார்த்து, சரி என்று வாயால் சொன்னான். வாத்தியாரின் கணக்கைத் திருத்துகிற பொடியன் மாதிரி.

லண்டன் கிட்ட வர, இறங்க முடியாமல் போனால் "கோ அரவுண்ட்", அதாவது இறங்காமல் திரும்ப மேலே ஏறிச் சுற்றி வருவது, அப்போது யார் எதை இழுப்பது என்று கேப்டன் சொல்லத் தொடங்கினார். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பகீரென்றது. பயணத்தில் இருக்கும்போது யாராவது இப்படி அபசகுனமாக வாய் வைப்பார்களா? சட்டைப்பையில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தைத் தொட்டுக்கொண்டேன்.

முகிலுக்குள் போனதும் முன் கண்ணாடி முழுக்க வெள்ளை. மழை அடித்தது, விமானம் கிடுகிடுத்தது. பெடியன் உயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கு நினைவெல்லாம் வீட்டில். எனக்கு ஒன்று நடந்து பொலிஸ்காரன் வந்து கதவைத் தட்டினால், அவன் சொல்வது அம்மாவுக்கு விளங்குமா? உங்கள் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு அவ யாரிடம் போவா?

முகில் விலகியது. ஓடுபாதை விளக்குகள் தெரிந்தன. இறங்கலாம் என்றார் கேப்டன். கீழே நனைந்த கூரைகளும் கார்களும் பெரிதாகிக்கொண்டு வந்தன. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன்.

"கோ அரவுண்ட்" என்றான் பெடியன்.

கத்தவில்லை. சாதாரணக் குரல்தான். அவன் சொல்லி முடிக்கவும் கேப்டனின் கை இயந்திரப் பிடிகளை முன்னால் தள்ளவும் சரியாக இருந்தது. ஏன் என்று கேட்கவில்லை, திரும்பி அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. மூக்கு மேலே எழும்பியது, என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: கீழே மழைப்புகாருக்குள் இன்னொரு விமானம், வால் இன்னும் ஓடுபாதையிலேயே கிடக்க, மெல்ல, ஆறுதலாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பிறகுதான் ரேடியோவில் கட்டுப்பாட்டுக் கோபுரக்காரர் அதே இரண்டு சொல்லையும் சொன்னார். ஏறுகிறோம் என்றான் பெடியன். இறங்கும் சில்லுகளை மடக்கு என்றார் கேப்டன். மடக்குகிறேன் என்று சொல்லி மடக்கினான். சற்று முன் எனக்கு அபசகுனமாகப் பட்ட கதை அப்படியே நடந்துகொண்டிருந்தது.

இனிப் பெடியனுக்கு ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. கேப்டன் பயணிகளுக்கு அறிவித்தார், தேத்தண்ணி கேட்கிற குரலில்.

இன்னொருமுறை லண்டனைச் சுற்றினோம். அந்தச் சுற்று முடியவே முடியாது போல இருந்தது. மறுபடி முகில், மறுபடி விளக்குகள். இந்த முறை நான் ஓடுபாதையைப் பார்க்கவில்லை, அந்தப் பெடியனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சில்லுகள் நிலத்தில் பட்டு, வேகம் குறைந்து, வெளியே திரும்பும் வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

இயந்திரங்கள் நின்ற பிறகு கேப்டன் அவன் பக்கம் திரும்பி, "நான் அதைக் காணவில்லை. நன்றி" என்றார். அவ்வளவுதான். டின்னைத் திறந்து நீட்டினேன். பெடியன் இரண்டு எடுத்தான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேப்டனிடம் கேட்டேன், ஏன் அவனிடம் காரணம் கேட்கவில்லை என்று.

"மேலே போன பிறகு கேட்க நேரம் இருக்கிறதே" என்றார். பணியாரத்தைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லியிருந்தாலும் மேலே போயிருப்பேன்."

நானா? டின்னை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

வேலை ஆட்களின் கார் பார்க்கில் மழை விடவில்லை. காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். சாவியைத் துவாரத்துக்குள் போடாமல் மடியில் வைத்தேன். சுற்றிவர ஒருவரும் இல்லை. அந்தப் பெடியனைப் போலச் சொல்லிப் பார்த்தேன்.

"கோ அரவுண்ட், சேர்."

எனக்கே வெட்கமாக இருந்தது. இன்னொருக்கால் சொன்னேன், கொஞ்சம் உரத்து. அப்போதும் கடைசியில் அந்த "சேர்" வந்து ஒட்டிக்கொண்டது. வைப்பரைப் பார்த்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொன்னேன். "சேர்" இல்லாமல் வந்த பிறகுதான் சாவியை எடுத்து ஸ்டார்ட் பண்ணினேன்.