சோகைத் தீயும் நான் எடுத்த சாட்சியும்

வில்லியனூரில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுப்பேன். ஓமத் தீயைத் தவிர வேறு தீயை எடுத்ததில்லை. ஆகவே, பாகூர்ப் பக்கம் தன் பங்குக்கு வந்த கரும்புக் கொல்லையில் வெட்டு முடிந்து, தரையில் கிடக்கும் காய்ந்த தோகையை, அதாவது சோகையை, கொளுத்தப் போவதாகவும், படமெடுக்க வர வேண்டும் என்றும் என் மனைவி சொன்னதும், புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவள் கூப்பிட்டது என் கலைக்காக இல்லை. மேற்கு வரப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய பெரியப்பாவின் கரும்பு வெட்டாமல் நின்றது. போன வருஷம் எங்கள் தீ தாவி அதில் ஒரு வரிசையைக் கருக்கிவிட்டது. இந்தத் தடவை ஒரு தோகை கருகினாலும் தன் நிலத்து வழியாக எங்கள் டிராக்டரை விடமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். வேறு வண்டி வழியே கிடையாது. அடுத்த வருஷம் வெட்டும் கரும்பைத் தலையிலா சுமப்பது? பார்த்துப் பார்த்துத்தான் கொளுத்தினோம் என்பதற்குப் படத்தைச் சாட்சியாகக் காட்டுகிறேன் என்று அவரிடம் அவள் சொல்லியிருந்தாள்.

முதல் நாளே வரப்பை நனைத்து வைத்திருந்தாள். காற்று பெரியப்பா பக்கமாக அடித்ததால், அவர் வரப்பை ஒட்டியே முதலில் பற்றவைத்தாள். காற்றை எதிர்த்து எரியும் தீ மெல்லத்தான் நகரும். பின்னால் கருகிய தரை அகலமாகிக்கொண்டே போகும், அதைத் தாண்டித் தீ திரும்பாது. அருமையான வேலைதான். ஆனால் என் கேமராவில் என்ன விழுந்தது? வெறும் புகை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாடி இது? கொஞ்சம் பெருசா எரியவுடு."

"இது இன்னா கல்யாண மண்டபமா? சும்மா எடுங்க."

சும்மா இருந்திருக்கலாம். கிழக்கு ஓரத்துக்குப் போய் ஒரு பிடி சோகையைக் கொளுத்தினேன். அதை ஒரு கையில் பிடித்து, மறு கையால் படமும் எடுத்துவிட்டுக் கீழே போட்டேன். தீ காற்றோடு சேர்ந்து ஆள் உயரத்துக்கு எழும்பி ஓடியது. அடேயப்பா, என்ன அழகு! நான் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

"யோவ், அறிவிருக்குதா உனக்கு?" என்று அவள் ஈரச்சாக்கோடு ஓடியபோதுதான் எனக்கு உறைத்தது.

கருகிய தரைக்கு வந்ததும் தீ அடங்கிவிட்டது. ஆனால் அதற்குள் பொறி பறந்து பெரியப்பாவின் ஓரக் கரும்பில் நாலு தோகையைத் தீய்த்திருந்தது. அவரே ஓடிவந்து அடித்து அணைத்தார்.

"எங்கடி உன் சாட்சி? காட்டு."

அவள் முகமெல்லாம் கரி, கண் கலங்கியிருந்தது. காற்று திரும்பிவிட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. கையில் தீயோடு இருக்கும் அந்த ஒரு படத்தை மட்டும் அழித்தால் போதும். அவள் முகத்தைப் பார்த்தேன். வெட்கமாகிவிட்டது. கேமராவை அப்படியே அவரிடம் நீட்டினேன்.

"நான்தான் மாமா. அவ சரியாத்தான் கொளுத்துனா."

ஒவ்வொரு படமாகப் பார்த்தார். நனைந்த வரப்பு, கருகிய தரை, அப்புறம் என் கை. அவர்கள் வீட்டில் போட்ட மாப்பிள்ளை மோதிரம் அதில் நன்றாகவே தெரிந்தது.

"வண்டி வழி பொண்ணுக்கு எப்பவும் உண்டு," என்றார். "உனக்குக் கெடையாது மாப்ள."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இன்றுவரை நான் வாய்க்கால் கரையோரமாகச் சுற்றி நடந்துதான் கொல்லைக்குப் போகிறேன். என் மனைவி டிராக்டரில் நேராகப் போகிறாள், என்னைப் பார்த்தால் வேண்டுமென்றே ஹாரன் அடிக்கச் சொல்கிறாள்.