பொட்டு ஏறாத கோதுகள்

சித்தப்பா வேட்டைத் துவக்கு வாங்கப் போகிறார் என்ற செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் மீன்கறி கருகியது. அம்மா அகப்பையோடு கூடத்துக்கு வந்து, "துவக்குக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடி வந்தம். இப்ப அதையே வீட்டுக்குள்ளை கொண்டு வரப் போறாராமோ?" என்று அப்பாவைக் கேட்டார். தம்பிக்கும் மனைவிக்கும் நடுவில் அகப்பட்ட அப்பா தன்னால் முடிந்ததைச் செய்தார். குப்பைப் பையைக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. மொன்றியல் நகர ஓரத்துப் பியர்பொன்ட்ஸில் எங்கள் தெருவில் இலை உதிர்வதும் பனி விழுவதும் தவிர வேறு எதுவும் நடந்ததில்லை.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. சின்னப் பையனாக அப்பப்பாவோடு மொன்றியல் வந்துவிட்டதால் ஊர்ச் சண்டையைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தவர். எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் குடியிருந்தார். கியூபெக்காரரைப் போலவே பிரெஞ்சு பேசுவார், அவர்களைப் போலவே திட்டவும் செய்வார். கியூபெக்காரரின் கெட்ட வார்த்தைகள் பெரும்பாலும் கோயில் சாமான்களின் பெயர்கள். பீடத்தையும் பாத்திரத்தையும் நற்கருணையையும் ஒரே மூச்சில் இழுத்து அவர் திட்டும்போது, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் அம்மா சிலுவை போட்டுக்கொள்வார்.

அவரோடு சாமான் கிட்டங்கியில் வேலை செய்த நண்பர் ஒருவர், அந்த நவம்பரில் மான் வேட்டைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை: தோட்டாவைச் சித்தப்பாவே செய்ய வேண்டும். கடைத் தோட்டாவோடு வருகிறவனை அந்த நண்பர் மதிக்கமாட்டாராம். சித்தப்பா வகுப்புக்குப் போனார், அனுமதிப்பத்திரம் எடுத்தார், துவக்கை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு நீண்ட கைபிடி வைத்த ஒரு இயந்திரத்தை மேசையில் இறுக்கிப் பூட்டினார். எனக்கு அது புட்டு அவிக்கிற வீட்டில் வந்திறங்கிய விண்கலம்.

வேலை இதுதான். ஏற்கெனவே சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளை எடுத்துக் கழுவ வேண்டும். கோதின் அடியில் ஒரு சிறு குழி இருக்கும். அதிலுள்ள பழைய மூடியைத் தள்ளி எடுத்துவிட்டு, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு புது மூடியை அழுத்தி ஏற்ற வேண்டும். துவக்கின் ஊசி அதைக் குத்தினால்தான் உள்ளே வெடிமருந்து பற்றும். பிரெஞ்சில் அதற்குப் பெயர் இருந்தது, தமிழில் சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. நான் 'பொட்டு' என்று பெயர் வைத்தேன். நெற்றியில் வைப்பதுபோல அடியில் வைப்பது. சித்தப்பா சிரித்து, அதையே சொல்லத் தொடங்கினார்.

கோது கழுவுவது என் பொறுப்பு. பொட்டுக்கும் மருந்துக்கும் கிட்டவே போகக்கூடாது. ஆனால் வெற்றுக் கோது என்ன செய்யும்? துவக்குக் கழகத்தில் ஒரு கிழவர் ஒரு பை நிறையக் கொடுத்திருந்தார். அம்மாவின் தேசிக்காய்களைக் களவாடி, புளிச்சாறு பிழிந்து, கோதுகளை அதில் ஊறவைத்து, பொன்னாக மினுங்கும்வரை தேய்த்தேன். உலகத்தில் எந்தப் பிள்ளைக்கும் இப்படியொரு வேலை கிடைத்திராது.

முதல் முறை சுடப் போய்விட்டு வந்த சித்தப்பாவின் முகம் தொங்கியிருந்தது. பாதித் தோட்டாக்கள் 'டிக்' என்றதோடு நின்றுவிட்டனவாம். அதே தோட்டாவை இரண்டாம் முறை குத்தினால் வெடித்ததாம். நண்பர் சொல்லிவிட்டார்: பொட்டு அடிவரைக்கும் இறங்கவில்லை, முதல் குத்து அதை இறக்குவதிலேயே வீணாகிறது. சரியாக இறங்கிய பொட்டு விரலால் தடவினால் தட்டுப்படக்கூடாது, கோதின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். இப்படியே கொண்டு வந்தால் காட்டுக்குக் கூட்டிப் போகமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் துப்பறிவாளர்களானோம். முதலில் குழிக்குள் கரி இருக்கலாம் என்று சந்தேகித்தோம். கம்பித் தூரிகையால் ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். பொட்டு ஏறவில்லை. கோதைப் பிடிக்கிற பிடி ஆடுகிறதோ என்று சித்தப்பா கழற்றித் துடைத்துப் பூட்டினார். ஏறவில்லை. பொட்டின் அளவு பிழையோ என்று பெட்டியைப் படித்தோம். அளவு சரி. விசித்திரம் என்னவென்றால், சில கோதுகளில் வழுக்கிக்கொண்டு இறங்கியது, சிலவற்றில் விளிம்போடு நின்று நசிந்தது.

"பலமா அமத்திப் பாருங்கோ சித்தப்பா," என்றேன்.

"அமத்தக் கூடாது பிள்ளை," என்றார். ஆனால் வேட்டை அடுத்த கிழமை. என்னைப் படிக்கட்டுக்கு அனுப்பிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் அமத்தினார்.

'டப்!'

பொட்டு வெடித்து, பேஸ்மென்ட் முழுவதும் புகை நாற்றம். சித்தப்பா தன் விரல்களை ஒன்றொன்றாகப் பார்த்தார், எல்லாம் இருந்தன. கோயிலில் ஒரு சாமான் விடாமல் திட்டினார். நான் இந்த அற்புதத்தைச் சொல்ல மேலே ஓடினேன்.

அம்மா குசினியில் அடுப்படித் தரையில் குப்புறப் படுத்திருந்தார். அவருக்கடியில் என் தம்பி நசுங்கிக்கொண்டு சிரித்தான். இது என்ன விளையாட்டு என்று தெரியாவிட்டாலும் விடுபட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. நானும் பக்கத்தில் விழுந்து படுத்தேன். அம்மா என் தலையையும் கையால் அமத்திப் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தோம். பிறகு அவர் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, பேஸ்மென்ட்டுக்கு இறங்கினார். அன்றுவரை அந்த மேசைக்குக் கிட்ட வராதவர்.

"அண்ணி, ஒண்டுமில்லை, அந்தப் பொட்டு..." என்று சித்தப்பா தொடங்கினார்.

அம்மா கேட்கவில்லை. நான் கழுவி வைத்த கோதுகளில் ஒன்றை எடுத்து, அடிப்பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். மற்றொன்றை எடுத்தார். பிறகு அரிசியில் கல் பொறுக்குகிற வேகத்தில் இரண்டு குவியலாகப் பிரிக்கத் தொடங்கினார்.

"இது வேட்டைக்காரற்றை. இது ஆமிக்காரற்றை," என்றார். "ஆமிக் கோதிலை குழியைச் சுத்தி ஒரு வளையம் அமத்தியிருக்கும். பொட்டு கழண்டு விழாமல் இருக்க. என்ரை அண்ணை அதைக் கழட்ட ஆணி வைச்சுத் தட்டுவார், அப்பவும் லேசிலை கழராது. கழரவே விடாத வாய்க்குள்ளை புதுசு எப்பிடித் தம்பி ஏறும்?"

சித்தப்பா விளக்கைக் கிட்ட இழுத்துப் பார்த்தார். மெல்லிய ஒரு வளையம், குழியின் விளிம்பை உள்ளே நெருக்கிக்கொண்டு. நண்பருக்குத் தொலைபேசி எடுத்தார். ஓம், இராணுவக் கோதுகள் கலந்திருக்கும், அந்த வளையத்தைச் சீவி எடுக்க ஒரு சின்னக் கருவி விற்கிறார்கள் என்றார் அவர். வளையம் இல்லாத குவியலிலிருந்து ஒரு கோதை வைத்துச் சித்தப்பா கைபிடியை இறக்கினார். பொட்டு சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. நான் துள்ளினேன்.

"அம்மா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சின்னனிலை வளவுக்குள்ளை பொறுக்கினது. விடிய எழும்பினால் முற்றம் முழுக்கக் கிடக்கும். நானும் அண்ணையும் போட்டி போட்டுப் பொறுக்குவம். சிலது சூடு ஆறியிராது."

எனக்கு அப்படியொரு பெரிய மாமா இருப்பது அன்றுதான் தெரியும். "அந்த மாமா இப்ப எங்கை?" என்று கேட்டேன்.

"பேந்து ஒருநாள் சொல்லுறன்," என்றார் அம்மா. பிழிந்து போட்ட தேசிக்காய்த் தோல்கள் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டன. அதற்காக எனக்கு நன்றாக விழுந்தது.  சித்தப்பா இரண்டு குவியலையும் பார்த்தபடி நின்றார்.

திங்கட்கிழமை காலைகளில் எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து விடுமுறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் எல்லாரும் ஆப்பிள் தோட்டத்துக்குப் போய்வந்திருப்பார்கள். அன்று என் முறைக்காக நான் துடித்தேன். என் பிரெஞ்சு பாய்ந்தது. சித்தப்பாவின் இயந்திரம், ஏறாத பொட்டு, 'டப்', எல்லாவற்றுக்கும் மேலாக என் அம்மா. அவருடைய வீட்டுத் தோட்டத்தில் தோட்டாக் கோதுகள் ஆப்பிள்போல விழுந்து கிடந்தன, அவரும் மாமாவும் பள்ளிக்கூடம் போகுமுன் சூட்டோடு சூடாகப் பொறுக்கினார்கள், இங்கே ஒருவருக்குமே அப்படி அம்மா இல்லை.

பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். ஆசிரியை மட்டும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வெகு மெதுவாக, உன் அம்மா எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்று கேட்டார். அவர் முகம் ஏன் அப்படிப் போனது என்று யோசித்தேன். பிரெஞ்சில் எனக்கு எப்போதும் தகராறு கொடுப்பது இறந்தகாலம்தான். அதைத்தான் எங்கோ பிழையாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று எண்ணி, வினைச்சொற்களைக் கவனமாகத் திருத்திக்கொண்டு, இன்னும் உரத்து, இன்னும் பெருமையாக, முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.