அக்கா தடுமாறிய இடம்

வயலின் டீச்சர் தன்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது நிறுத்துவதைத்தான். "தப்பு வந்த உடனே வில்லை எடுத்துடுங்க. மறுபடி முதல்லேருந்து ஓடாதீங்க. அந்த இடத்தை மட்டும் வாயால பாடுங்க, அப்புறம் ஆமை மாதிரி வாசிங்க. விரலுக்கு நல்லது கெட்டது தெரியாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்யுதோ, அதையே பழகிக்கும்."

அவளுடைய அக்கா இதற்கு நேர்மாறு. பாட்டை எடுத்தால் கடைசி வரை ஒரே ஓட்டம். ஒரு பாட்டில், மேலேயிருந்து இறங்கும் இடத்தில் மட்டும் மோதிர விரல் எப்போதும் தாமதமாக விழும். சுரம் விக்கல் எடுத்ததுபோல் கேட்கும்.

"நின்னு சரி பண்ணேன்க்கா" என்றால், "போடி, நின்னா என் வண்டி மறுபடி கிளம்பாது" என்று சிரிப்பாள்.

ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. அக்காவின் வயலின் தங்கைக்கு வந்தது. அதில் அந்தப் பாட்டை முதன்முதலாக வாசித்தபோது, அதே இடத்தில், அதே விக்கல். டீச்சருக்கு முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்கிறவள் தன் விரலுக்குச் செய்துகொள்ளவில்லை. மதியத்தில், வீடு காலியானதும், அந்த இடத்துக்காகவே வாசிப்பாள். விக்கல் வரும். "வந்துட்டியா" என்பாள், மெதுவாக.

காலையில் கிளினிக் திறக்கும் முன் ஒரு பல் டாக்டர் அவளிடம் கற்றுக்கொள்ள வருவார். தப்பு வந்தால் முதலிலிருந்து ஓடுகிற வியாதி அவருக்கு. "ஒரு பல் வலிக்குதுன்னு வந்தா வாயில இருக்கிற அத்தனையுமா குடைவீங்க?" என்று டீச்சர் கேட்ட பிறகுதான் திருந்தினார். அவர் ஆசைப்பட்டுக் கேட்டாரென்று அந்தப் பாட்டையே சொல்லிக்கொடுத்தாள்.

ஒருநாள் அவர் வாசித்துக்கொண்டே வந்து, இறங்கும் இடத்தில் விக்கினார். அச்சு அசலாக அக்கா.

"நிறுத்துங்க! இதை எங்க பிடிச்சீங்க?"

"நீங்க அப்படித்தானே வாசிக்கிறீங்க, டீச்சர்? நல்லாத்தானே இருக்கு. யாரோ பேச வந்து வாயை மூடிக்கிட்ட மாதிரி."

டீச்சர் அவர் விரலையே பார்த்தாள். விட்டுவிடலாம், அக்கா இன்னொருவர் கையிலும் குடியிருப்பாள். ஆனால் அக்காவை முன்பின் பார்த்திராத அந்த மனிதர் கையில் அவளை ஏற்றிவைப்பது என்ன நியாயம்?

"அது தப்பு, டாக்டர். சரி பண்ணிடலாம்."

பாடிக் காட்டினாள். தினமும் காலையில், ஆமை வேகத்தில், அவருக்காகச் சரியாக வாசித்துக் காட்டினாள். அவர் விரல் திருந்தியது.

பிறகு ஒரு மதியம் தனக்காக எடுத்து வாசித்தபோது, அந்த இடம் வழுவழுவென்று கடந்து போயிற்று. திடுக்கிட்டு மறுபடி வாசித்தாள். வேண்டுமென்றே விரலைத் தாமதமாக வைத்தாள், நடிப்பாக ஒலித்தது. வியர்க்க வியர்க்க முயன்று பார்த்தாள். வரவில்லை.

அத்தானுக்குப் போன் போட்டாள். "அத்தான், அந்தப் பாட்டுல அக்கா ஒரு இடத்துல தடுமாறுவாளே, ஞாபகம் இருக்கா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தடுமாறுவாளா? எனக்கு எல்லாம் சரியாத்தானேம்மா கேட்டுச்சு."

இப்போதும் யார் கேட்டாலும் அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறாள். முடித்ததும் மட்டும் வில்லை இறக்காமல் சற்று நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். என்னவென்று கேட்டால், "சும்மா" என்பாள்.